பாவமும் மன்னிப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளில் பாவத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கக்கூடும். கங்கைக் கரையில் குடியிருக்கும் நமக்கு இப்பொருள் அயலானதன்று. ஊரிலிருந்து காசிக்கும் கயைக்கும் புறப்பட்டு வரும் உறவினர் பலர் ஹவுரா நிலையத்தில் இறங்கி நம் இல்லங்களில் தங்குகின்றனர். அவர்கள் முதலில் விரும்பிக் கேட்பது கங்கா ஸ்நானம். திரும்பும்பொழுது செம்பில் கங்கை நீரை அடைத்து எடுத்துச் செல்கின்றனர். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் நம் குழந்தைகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கங்கையில் குளித்தால் பாவம் போய்விடும் என்கிறீர்களே, அப்படியானால் தப்புச் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிடலாமே?" என்பதே அக்கேள்வி. குறும்புக்காகக் கேட்டதாயினும் அது நியாயமான கேள்வி. அதற்கு நேரான விடை சொல்லாமல் "வாயை மூடு" என்று அதட்டினால், வளர்ந்தபின் அக்குழந்தைக்குச் சமயத்தில் மதிப்பிராது. அவ்விடையைத் தேடுவதே நமது இன்றைய முயற்சி.

முதலில் பாவம் என்பது யாது? நம் முன்னோர் தீவினை, குற்றம், பிழை, மாசு எனப் பல சொற்களை வழங்கினர். திருவள்ளுவர் தீவினையச்சம் என ஒரு தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும் நம் பேச்சுத் தமிழில் ஓர் அழகைக் கவனியுங்கள். துன்புறுவாரைக் கண்டால் நாம் "ஐயோ, பாவம்!" என்கிறோம். எந்தச் சொல் குற்றத்தைக் குறிக்கிறதோ, அதே சொல் நம் வாயில் இரக்கத்தின் சொல்லாகவும் நிற்கிறது. பாவம் செய்தவன் வெறுக்கத் தக்கவன் என்பதைக் காட்டிலும் இரங்கத் தக்கவன் என்னும் எண்ணம் நம் மக்களின் நாவிலேயே ஊறிக் கிடக்கிறது என்று கொள்ளலாம் அன்றோ?

சைவ சித்தாந்தம் இதனை இன்னும் தெளிவாக விளக்குகிறது. உயிரைப் பற்றிய மலங்கள் மூன்று: ஆணவம், கன்மம், மாயை. இவற்றுள் மூலமானது ஆணவம். 'யான்', 'எனது' என்று நிமிரும் செருக்கின் வேர் அது. இது உயிரோடு அநாதியாக ஒட்டியிருப்பினும் உயிரின் இயல்பு அன்று. செம்பில் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் என்று ஆசிரியர்கள் உவமை கூறினர். களிம்பேறிய செம்புக் குடத்தைக் கண்டு எந்தத் தாயும் அதைத் தெருவில் வீசுவதில்லை. புளியிட்டுத் தேய்க்கிறாள், தேய்க்கத் தேய்க்கக் குடம் பளிச்சிடுகிறது. அழுக்கு வேறு, குடம் வேறு என்பதை அவள் அறிவாள். குற்றம் வேறு, குற்றம் செய்த உயிர் வேறு என்பதை இறைவன் அறிவான். மன்னிப்பு என்னும் கொள்கை முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

இனிக் கங்கைக்கு வருவோம். நமது ஹவுரா மாவட்டத்திலுள்ள பேலூர் மடம் நீங்கள் அறிந்த தலமே. அங்கே 1938ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பெற்ற பெருங்கோயிலில் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்ஸரின் திருவுருவம் விளங்குகிறது. கங்கையில் பெரும் பக்தி பூண்டிருந்தவர் அவர். எனினும் நம் குழந்தைகள் கேட்கும் கேள்விக்கு அவரே ஒரு சிறு கதையால் விடை தந்திருக்கிறார். ஒருவன் நீராட இறங்கும்போது அவன் பாவங்கள் அவனை விட்டு நீங்கிக் கரையிலுள்ள மரத்தின்மேல் ஏறி அமர்ந்துகொள்கின்றனவாம். அவன் குளித்துவிட்டுக் கரையேறியதும் மீண்டும் அவன் தோள்மீதே குதித்துவிடுகின்றனவாம்! நீராடும்போது பாவம் நீங்குவது மெய். ஆனால், பழைய மனத்தோடேயே கரையேறுகிறவனிடம் அது திரும்பி வருவதும் மெய். இதுவே கதையின் கருத்து.

இன்னொன்றையும் வங்க நாட்டு வைணவர்கள் கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள். இறைவன் திருநாமத்திற்கு எதிராகச் செய்யும் குற்றங்கள் பத்து என அவர்கள் எண்ணுகின்றனர். நாமம் பாவத்தைப் போக்கிவிடும் என்ற துணிவில் பாவம் செய்வது அப்பத்தில் ஒன்று. மருந்து கையில் இருக்கிறதென்று நஞ்சை உண்பவனை யாரும் அறிவாளி என்னார். ஆகவே 'செய்துவிட்டுக் குளித்துவிடலாம்' என்பதை நம் சமயம் ஒருபோதும் ஒப்பியதில்லை என்று குழந்தைகளுக்குத் தயங்காமல் சொல்லலாம்.

அப்படியானால் பாவியின் கதி என்ன? இதற்குச் சான்றாக, கங்கையின் அக்கரையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். வங்க நாடக மேடையின் தந்தையருள் ஒருவர் எனப் போற்றப்படும் கிரீஷ் சந்திர கோஷ், 1844ஆம் ஆண்டு பிறந்து 1912ஆம் ஆண்டு மறைந்தவர். மேதையாகிய நாடகாசிரியர், நடிகர். கூடவே குடிப்பழக்கத்திலும் கட்டற்ற வாழ்விலும் ஆழ்ந்தவர். அவர் எழுதிய 'சைதன்ய லீலா' நாடகத்தைக் காண 1884ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் பரமஹம்ஸர் கல்கத்தாவின் ஸ்டார் தியேட்டருக்கு வந்தார். அக்காலத்துப் பெரிய மனிதர் பலர் நாடகப் பெண்களைத் தீண்டத் தகாதவர்போல் கருதினர். அவரோ சைதன்யராக நடித்த விநோதினி என்னும் நடிகைக்கு ஆசி கூறினார்.

கிரீஷ் அவரை அண்டியபொழுது, குடியை விடு என்று பரமஹம்ஸர் நிபந்தனை விதிக்கவில்லை. காலையும் மாலையும் இறைவனை நினை என்றார் அவ்வளவே. கிரீஷ் வாய் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்துத் தவறிவிடுவோமோ என்ற அச்சம். அப்படியானால் உண்ணுமுன்னும் உறங்குமுன்னும் ஒருமுறை நினை என்றார். அதற்கும் அவர் உடன்படவில்லை. இறுதியில், உன் பொறுப்பை எனக்கே ஒப்படைத்துவிடு என்றார் குருநாதர். வங்காளியில் இதனைப் 'பகல்மா' என்பர். நம் வழக்கில் வக்காலத்துக் கொடுப்பது என்று சொல்லலாம். கிரீஷுக்கு அளவிலா மகிழ்ச்சி. இனி ஜபமில்லை, தவமில்லை, எல்லாம் அவர் பாடு என்று எண்ணினார்.

ஆனால் நடந்தது வேறு. ஏதோ ஓர் அற்பக் காரியத்தைப் பற்றி 'நான் செய்வேன்' என்று கிரீஷ் சொன்னபொழுது குருநாதர் திருத்தினார். பொறுப்பை ஒப்படைத்தவன் 'நான்' என்று சொல்லலாகாது; இறைவன் திருவுள்ளப்படி நடக்கட்டும் என்றே சொல்லவேண்டும் என்றார். அன்றுதான் கிரீஷுக்குத் தாம் செய்துகொண்ட உடன்படிக்கையின் கனம் விளங்கிற்று. ஜபத்திற்கும் தவத்திற்கும் ஓர் எல்லை உண்டு, இதற்கோ எல்லையில்லை. ஒவ்வோர் அடியிலும், ஒவ்வொரு மூச்சிலும், இது அவன் பலத்தால் நடக்கிறதா, 'நான்' என்னும் இப்போக்கிரியின் பலத்தால் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று பின்னாளில் அவர் கூறினார். யாரும் கட்டளையிடாமலேயே அவர் வாழ்வு சிறிது சிறிதாக மாறிற்று.

அன்பர்களே, இதில் நாம் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. திருந்திய பிறகு மன்னிப்பு என்பது உலகத்தார் முறை. மன்னிப்பு முன்னே வந்து, அதனால் மனிதன் திருந்துவது இறைவன் முறை. தமிழ்நாட்டு வைணவர்கள் இதனைச் சரணாகதி என்றும், பரத்தை, அதாவது சுமையை, இறைவன் திருவடியில் இறக்கி வைப்பது என்றும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்திருந்தனர். அதையே வங்கத்தில் வழக்குமன்றச் சொல்லால் குறித்தனர்.

அந்த வைணவ ஆசாரியர்களிடையே இப்பொருள் பற்றி நிகழ்ந்த ஒரு விவாதம் மிகச் சுவையானது. அடியானுடைய குற்றத்தை இறைவன் எவ்வாறு நோக்குகிறான்? காணாதவன்போல் இருந்துவிடுகிறான் என்பது வேதாந்த தேசிகர் வழி வந்தோர் கொள்கை. காணாதிருப்பது மட்டுமன்று, அதையும் இனியதாகவே ஏற்றுக்கொள்கிறான் என்பது பிள்ளை லோகாசாரியர் வழி வந்தோர் கொள்கை. இதற்கு அவர்கள் காட்டும் உவமை ஈன்ற பசு. அப்பொழுது பிறந்த கன்றின் உடம்பெல்லாம் அழுக்கு. பசு முகம் சுளிப்பதில்லை. நாவினால் நக்கியே அதைத் தூய்மை செய்கிறது. வத்ஸம் என்றால் கன்று. அதனாலேயே அவ்வன்பிற்கு வாத்ஸல்யம் என்று பெயர். இரு கட்சியாரும் எத்துணையோ நுணுக்கமாக வாதிட்டனர். ஆயினும் குற்றத்தை முன்னிட்டு இறைவன் அடியானைக் கைவிடுவான் என்று எவரும் கூறவில்லை.

இரு திறத்தாரும் ஒருமித்துப் போற்றுவது தாயாரின் பரிவு. இராவண வதத்திற்குப் பின், தேவியைத் துன்புறுத்திய அரக்கியரைத் தண்டிக்க அனுமன் அனுமதி கேட்டான். அவர்கள் அரசன் ஏவலைச் செய்த பணிப்பெண்கள், அன்றியும் குற்றமே செய்யாதவர் இவ்வுலகில் யாருளர் என்ற கருத்துப்படச் சொல்லிச் சீதாபிராட்டி அவர்களைக் காத்தாள். இத்தகைய தாயுள்ளத்தை நமது காலத்திற்கு அணித்தாகவே இவ்வங்க நாடு கண்டது. 1920ஆம் ஆண்டு மறைந்த அன்னை சாரதாதேவியார், ஜயராம்பாடியில் அம்ஜத் என்னும் முஸ்லிம் ஒருவனுக்கு உணவளித்து, அவன் உண்ட இடத்தைத் தம் கையாலேயே சுத்தம் செய்தார். அவன் கொள்ளைக்காரன் என்று பெயரெடுத்தவன். உடனிருந்தோர் தடுத்தபொழுது, துறவியாகிய சரத் எனக்கு எப்படி மகனோ, அம்ஜத்தும் அப்படியே மகன் என்றார். சரத் என்றது மடத்தின் காரியதரிசியாய் விளங்கிய சுவாமி சாரதானந்தரை.

இவ்வாறு சொல்லிக்கொண்டே போனால், இறைவன் எதையும் கேட்கமாட்டான் போலும் என்று தோன்றும். அவ்வாறன்று. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை நினைவு கூருங்கள். அவர் தம்பிரான் தோழர். இறைவனிடம் எதையும் உரிமையோடு கேட்கக்கூடியவர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபொழுது, பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தார். பிறகு திருவாரூர் நினைவு மேலிடவே, சூளை மறந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். அக்கணமே இரு கண்களும் ஒளியிழந்தன. தோழனென்றும் பாராமல் இறைவன் தண்டித்தான். ஏன்? வாக்கை நம்பிய ஒரு பெண்ணின் துயரம் அங்கே இருந்தது. தோழமைக்காக அத்துயரத்தைப் புறக்கணிப்பது கருணையாகாது.

ஆனால் தண்டித்தவன் கைவிட்டானா? திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கொடுத்தான். காஞ்சியில் இடக்கண்ணைத் தந்தான். திருவாரூரில் வலக்கண்ணையும் தந்தான். அம்மட்டோ? ஊடியிருந்த பரவையாரைச் சமாதானம் செய்ய, நள்ளிரவில் திருவாரூர் வீதியில் தானே தூது நடந்தான். தண்டிப்பதும் அவனே, கோல் கொடுப்பதும் அவனே, கண் கொடுப்பதும் அவனே, குடும்பம் ஒன்றுபடக் கால் நோக நடப்பதும் அவனே. தண்டனையை மறக்கருணை என்றும் மன்னிப்பை அறக்கருணை என்றும் நம் சான்றோர் பெயரிட்டனர். இரண்டிலும் கருணை என்னும் சொல் நிற்பதைக் காண்க.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். குழந்தை பொய் சொன்னால் "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்வது நம் வீட்டு வழக்கம். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சாமி சுந்தரருக்குக் கோல் கொடுத்ததையும், கண்ணைத் திரும்பக் கொடுத்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதிக் கதையைக் கேட்ட குழந்தை சாமியைக் கண்டு ஒளியும். முழுக் கதையைக் கேட்ட குழந்தை தவறு செய்த அன்றும் சாமியிடமே ஓடி வரும். பிள்ளையார் முன்னே தலையில் குட்டிக்கொள்வதும் தோப்புக்கரணம் போடுவதும் இதற்கு நல்ல பயிற்சிகள். அடிப்பவர் வேறு எவருமில்லை. தன் தவற்றைத் தானே உணர்ந்து, தானே குட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு எழுந்திருக்கிறது குழந்தை.

இனி, நம் பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் பொறுப்பான். அயலானுக்குச் செய்த பிழையை யார் பொறுப்பது?

பாகவதத்தில் அம்பரீஷன் வரலாறு இதற்கு விடை. அரசனாகிய அவ்வடியவனைத் துர்வாச முனிவர் சினந்து துன்புறுத்த முற்பட்டார். திருமாலின் சக்கரம் முனிவரைத் துரத்திற்று. மூவுலகும் ஓடி, முடிவில் வைகுந்தத்தில் திருமாலின் காலிலேயே விழுந்தார். அவன் என்ன சொன்னான்? நான் அடியவர்க்கு வசப்பட்டவன், என்னால் ஆவதொன்றில்லை, யாருக்குப் பிழை செய்தாயோ அவனிடமே போ என்றான்! முனிவர் திரும்பி வந்தார். அவர் வரும்வரை உணவு கொள்ளாமல் காத்திருந்த அம்பரீஷன், பழிக்குப் பழி என்று எண்ணாமல் அவருக்காகச் சக்கரத்தைத் தொழுது அவரை விடுவித்தான். கோயிலில் விழுந்து எழுந்தால் மட்டும் போதாது, துன்புற்றவன் வாசலுக்கும் போகவேண்டும் என்று இறைவனே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

நம்மில் பலர் ஹவுராவிலிருந்து ரயிலேறி நவத்வீபம் சென்று வந்திருப்போம். 1486ஆம் ஆண்டு சைதன்யர் அவதரித்த தலம் அது. அவ்வூரில் ஜகாய், மாதாய் என இரு சகோதரர். குடியிலும் கொடுமையிலும் பெயர் பெற்றவர்கள். மாதாய் உடைந்த பானையால் நித்தியானந்தரின் தலையில் அடித்துக் குருதி வழியச் செய்தான். அடிபட்டவரே அவனுக்காகப் பரிந்து பேசினார். இருவரும் மன்னிக்கப்பட்டனர், இனிப் பாவம் செய்வதில்லை என்ற உறுதியின்மேல். இது பலரும் அறிந்த பகுதி. பலர் அறியாத பகுதி ஒன்று விருந்தாவன தாஸர் இயற்றிய சைதன்ய பாகவதத்தில் வருகிறது. மன்னிப்புக் கிடைத்த பின்னும் மாதாய்க்கு உறக்கமில்லை. தன்னால் துன்புற்றவர் எத்தனையோ பேர். பெயர்கூடத் தெரியாது, யாரிடம் போய் வேண்டுவது? கங்கைத் துறையைச் செப்பனிட்டு, நீராட வருவோர்க்குத் தொண்டு செய்து, ஒவ்வொருவரையும் வணங்கு என்று நித்தியானந்தர் வழி காட்டினார். மாதாய் மண்வெட்டி எடுத்துத் தன் கையாலேயே துறையைத் திருத்தினான். வருவோர் போவோர் எல்லோரையும், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டும் என்று வணங்கினான். கங்கை பாவத்தைப் போக்கும் என்பதன் முழுப்பொருள் இங்கே விளங்குகிறது. தான் மட்டும் கங்கையில் குளித்துக் கரையேறியவன் அல்லன் அவன். பிறர் குளிக்கத் துறை கட்டியவன்.

மன்னிக்கவேண்டியவர் பக்கத்திற்கு ஒரு சான்று கூறுவோம். உடையவரின் சீடர் கூரத்தாழ்வான், சோழன் அவையில் கண்ணிழந்தவர். அத்துன்பத்திற்குக் காரணமானவன் நாலூரான். பின்னர்க் காஞ்சி வரதன் திருமுன் வரம் கேட்கும் வாய்ப்பு வாய்த்தபொழுது, எனக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்கவேண்டும் என்று கூரத்தாழ்வான் வேண்டினார் என்பது குருபரம்பரை வரலாறு. தெய்வம் மன்னிக்கிறதா என்று ஐயுறுவோர்க்கு, அடியவர் இப்படி மன்னித்திருக்கிறாரே, அவர் கற்ற இடம் எது என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

அன்பர்களே, ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழ்கிறோம். தூரம் சிலவற்றை மறக்கச் செய்யும். சிலவற்றை ஆறவொட்டாமல் வைத்திருக்கும். பாகப்பிரிவினையில் அண்ணனோடு பேச்சை நிறுத்தியவர் நம்மிடையே உண்டு. மகள் தன் விருப்பப்படி மணந்துகொண்டாள் என்று கதவை அடைத்தவர் உண்டு. தாயின் கடைசி நாட்களில் ஊருக்குப் போகவில்லையே என்று நெஞ்சுக்குள் புழுங்குவோர் உண்டு. கையில் தொலைபேசி இருக்கிறது, எண்ணும் தெரியும், விரல்தான் எழவில்லை. எப்போதோ தவறி விழுந்து, திருந்தித் திரும்பியவர்களும் எந்தச் சமூகத்திலும் உண்டு. அவர்கள் விழாவிற்கு வந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது. கிரீஷுக்கும் அம்ஜத்துக்கும் இடம் இருந்த இம்மண்ணில், நம் பந்தியில் அவர்களுக்கு ஓர் இலை போட இடமில்லையா?

இதிலே நம்மைச் சூழ வாழும் வங்க மக்களிடம் நாம் கற்கவேண்டிய வழக்கம் ஒன்றுண்டு. விஜயதசமியன்று துர்க்கையின் திருவுருவத்தை ஆற்றில் விட்டபின், அவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றனர்; பெரியோர் காலைத் தொட்டு வணங்குகின்றனர்; இனிப்பு வழங்குகின்றனர். ஆண்டு முழுவதும் மனத்தில் படிந்த கசப்பை அன்று கரைக்க வழியிருக்கிறது. நாமும் அதே நாளில் சரஸ்வதி பூஜைக்கு வைத்த ஏடுகளை எடுத்துப் புதுப்பாடம் தொடங்குகிறோம். அன்று ஏட்டோடு ஓர் உறவையும் எடுத்துத் தூசி தட்டினால் என்ன?

ஆகவே, குழந்தைகளின் கேள்விக்கு நம் விடை இது. கங்கை பாவத்தைப் போக்கும், ஐயமில்லை. ஆனால் குளித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடாதே. போகிற வழியில், நீ யாரை அழச் செய்தாயோ அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வா. அப்படிச் செய்தால், கரையோரத்து மரத்தில் காத்திருக்கும் பாவம் உன் தோளைக் காணாமல் அங்கேயே இருந்துவிடும்.

எல்லாம் வல்ல இறைவன் நமக்குப் பிழை உணரும் அறிவையும், பிறர் பிழை பொறுக்கும் நெஞ்சையும் அருள்வானாக.